ஒரு வீட்டுக்கு ஒரு முறை

மேட்டுத் தெரு,
பள்ளிபாளையம்.
16.7.2025

ஆற்றோரம் இணைய சேவை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் காலத்தில் தாளில் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். முதலில் மின்னஞ்சல்தான் எழுதினேன். உங்கள் இணைப்பில் அது போகவில்லை. போன் செய்தால் உங்கள் அம்மா எடுக்கிறார். "பையன் கம்பத்து மேல நிக்கறானுங்க அம்மிணி, எறங்குனதும் சொல்றேனுங்க" என்கிறார், பாவம். நீங்கள் இன்னும் இறங்கியபாடில்லை. அதனால்தான் வசூலுக்கு வரும் சடையண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கம்பியை விட அவர் சைக்கிள் வேகம்.

நான் காது கேளாதவர்களுக்கான சைகை மொழிபெயர்ப்பாளர். சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காக, வீட்டு மாடி அறையில் இருந்தபடியே வீடியோவில் வேலை செய்கிறேன். எங்காவது ஒரு மருத்துவமனைக்குக் காது கேளாத ஒருவர் வந்தால் அங்கிருந்து என்னை அழைப்பார்கள். டாக்டர் வாயால் சொல்வதை நான் கையால் சொல்வேன். அவர் கையால் சொல்வதை நான் வாயால் சொல்வேன். கீழே அப்பாவின் டிவிக்கு ஒரு இணைப்பு இருக்க, மாடிக்கு என் பெயரில் தனியாக இன்னொன்று வாங்கியதும் இதற்காகத்தான். இரண்டும் உங்களுடையவை. இரண்டும் ஒரே லட்சணம்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அகல்யா என்ற கர்ப்பிணிப் பெண்ணுக்காக அழைத்தார்கள். "இன்னைக்கு ஊசி வேண்டாம்" என்றார் டாக்டர். ஊசி என்று காட்டினேன். வேண்டாம் என்று காட்டுவதற்குள் என் படம் அங்கே உறைந்துவிட்டது. அந்தப் பெண் ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் இங்கே சுவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இது ஊசியோடு போனது. நாளைக்கு வேறொன்றாக இருந்தால் யார் பதில் சொல்வது?

தீபாவளிக்குள் இணைப்பு சரியாகவில்லை என்றால் சென்னை அலுவலகத்துக்கே வந்து உட்கார வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். எனக்கு ஊரை விட்டுப் போக மனசே இல்லை. என் அண்ணன் சென்னிமலைக்கும் காது கேட்காது. அப்பாவின் தறிப்பட்டறையில் அவன்தான் பாவு நூல் ஓட்டுகிறான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவனும் நானும் வாயே திறக்காமல் ஊர் வம்பு முழுக்கப் பேசி முடிப்போம். ஹாஸ்டலில் போய் நான் யாரோடு அப்படிப் பேசுவேன்?

ஆகவே தயவுசெய்து கம்பத்தை விட்டு இறங்கவும்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்துகொண்டிருக்கும் வாடிக்கையாளர்,
ச. கோகிலவாணி


ஆற்றங்கரை வீதி
19.7.2025

கோகிலவாணி அவர்களுக்கு, கம்பத்தில் இருந்து இறங்கிவிட்ட நந்தகுமார் எழுதுவது.

உங்கள் உறையைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்து அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். கும்பிட்டுவிட்டுத்தான் பிரித்தேன். படித்து முடித்தபோது வக்கீல் நோட்டீஸே தேவலை என்று இருந்தது. கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை. அதனால் இரண்டாம் முறையும் படித்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருந்து வெளியே போக என்னிடம் இருப்பது பாலத்தைத் தாண்டி ஈரோட்டுக்குப் போகும் ஒரே ஒரு ஃபைபர் கம்பி. உங்கள் படமும் சரி, பக்கத்துத் தெருவில் ஏற்றும் கல்யாண வீடியோவும் சரி, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்பட்டுத்தான் அதில் போகும். பாக்கெட் என்போம். முதலில் வந்தது முதலில் போகட்டும் என்று ஒரே வரிசையாக விட்டிருந்தேன். அதுதான் நியாயம் என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலமானால் தறிப்பட்டறைக் கேமராக்காரர்களும் வீடியோ ஏற்றுபவர்களும் அந்த வரிசையில் மூட்டை மூட்டையாக அடுக்கிவிடுகிறார்கள். உங்கள் கையசைவு அந்த மூட்டைகளுக்குப் பின்னால் போய் நிற்கிறது. கல்யாண வீடியோ அரை மணி நேரம் தாமதமானால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. உங்களுக்குத் தேவை கொஞ்சம்தான், ஆனால் அந்த நொடியே வேண்டும்.

ஆகவே முன்வரிசை என்று ஒன்று புதிதாகப் போட்டு, அதில் உங்களை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். உங்கள் துண்டு வந்தால் மற்ற எல்லாம் நின்று வழிவிடும். அந்த அகல்யாவுக்கு இனி ஒழுங்காகச் சொல்லலாம். இதை மட்டும் தயவுசெய்து வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பணிவுடன்,
நந்தகுமார்


மேட்டுத் தெரு
5.8.2025

நந்தகுமார் அவர்களுக்கு,

நலம். நீங்களும் உங்கள் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று ஆடிப்பெருக்கு அன்று காவிரியில் நின்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். படம் கண்ணாடி மாதிரி போகிறது. நேற்று ஒரு தாத்தாவுக்கு வங்கியில் மொழிபெயர்த்தேன். கையெழுத்து ஏன் மாறிப்போனது என்று அவர் மேனேஜரோடு கையாலேயே சண்டை போட்டார். ஒரு திட்டுகூட விட்டுப்போகாமல் மேனேஜருக்குச் சேர்ந்தது. எனக்கு அவ்வளவு திருப்தி.

அண்ணன் என் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "இந்த நெட்டுக்காரனுக்கு என்ன கொடுத்தாய்?" என்று கையால் கேட்டான். ஒரு கடிதம் என்றேன். நம்பவில்லை.

சடையண்ணனிடம் ஒரு டப்பாவில், ஆற்றில் படைத்த வெல்லக் காப்பரிசி கொடுத்திருக்கிறேன். வழியில் அவர் திறக்காமல் இருந்தால் முழுதாக வந்து சேரும். ரகசியம் பற்றிக் கவலை வேண்டாம். அப்பாவிடம் மட்டும்தான் சொன்னேன்.

நன்றியுடன்,
கோகிலவாணி


ஆற்றங்கரை வீதி
28.8.2025

கோகிலவாணி அவர்களுக்கு,

காப்பரிசி பாதி வந்தது. ருசி முழுதாக இருந்தது.

இனி உங்கள் அப்பா. சரவணமுத்து ஐயா மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவரிடம் சொல்வதும் மாரியம்மன் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான் என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம். டீக்கடையில் நின்று, "எம் புள்ளைக்கு முன்வரிசைங்க, நந்தகுமாரு தனியா வழி உட்டிருக்கறாப்ல" என்று சொல்லியிருக்கிறார். அன்று பொழுது சாய்வதற்குள் என் வீட்டு வாசலில் ஆள்.

முதலில் தாய்மாமன். அவருடைய ஆட்டுப்பட்டியில் கேமரா மாட்டியிருக்கிறேன். "ஏண்டா மாப்ள, ஆடு களவு போச்சுன்னா நீயா குடுப்ப?" என்றார். சேர்த்தேன். அடுத்து அம்மாவோடு கோயிலுக்குப் போகும் சௌந்திரம் அக்கா. மகள் மஸ்கட்டில் இருக்கிறாள், பேத்தி முகம் தெரிய மாட்டேன் என்கிறது என்று கண் கலங்கினார். சேர்த்தேன். வீடியோவில் ஜாதகம் பார்க்கும் ஜோசியர், "நல்ல நேரம் தாண்டிப்போயிருதுங்க தம்பி" என்றார். சேர்த்தேன். கல்யாண வீடியோ ஸ்டுடியோ சந்திரசேகர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவன் கேட்கக்கூட இல்லை, "என்னையச் சேத்திட்டயல்ல?" என்றான். சேர்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, உள்ளே ஓடிப்போய்ச் சேர்த்தேன்.

எனக்கு இல்லை என்று சொல்ல வராது. சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். கம்பத்தின் மேலேயே நான் அதிக நேரம் இருப்பதற்குக் காரணமும் அதுதான், அங்கே யாரும் வந்து கேட்க முடியாது. இப்போது முன்வரிசையில் ஏறக்குறைய ஊரே நிற்கிறது. உங்களுக்கு ஒன்றும் தொந்தரவு இல்லையே?

நந்தகுமார்


மேட்டுத் தெரு
8.9.2025

நந்தகுமாருக்கு,

அவர்களுக்கு என்று போட இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.

தொந்தரவு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்று சாயங்காலம் என் படம் மறுபடியும் உறைந்தது. பழைய கதைதான். ஊரே முன்வரிசையில் நின்றால் அதற்கு எதற்கு முன்வரிசை என்று பெயர்? ஜோசியரும் ஆடும் நானும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்கிறோம். மேலதிகாரி சென்னையில் எனக்கு ஹாஸ்டல் பார்த்து, ஜன்னல் இல்லாத ஒரு அறையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தப் படம் மட்டும் தடையில்லாமல் வந்து சேர்ந்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது எனக்காக இல்லை. எங்கள் தெருக்கோடியில் அறிவுச்செல்வி என்று ஒரு பெண் குடியிருக்கிறாள். தம்மம்பட்டியில் இருந்து மில் வேலைக்கு வந்தவள், தபால் வழியில் படிக்கிறாள். தேர்வுக்குப் பதிவு செய்ய நேற்று கடைசி நாள். அவளுக்குப் பக்கம் திறக்கவே இல்லை. எப்படித் திறக்கும்? முன்வரிசை காலியானால்தானே பின்வரிசை நகரும், அது காலியாவதே இல்லையே. அவளுக்கு இந்த ஊரில் மாமன் மச்சான் இல்லை. உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்றும் அவளுக்குத் தெரியாது. அழுதுகொண்டு என் மாடிக்கு வந்தாள். இருவரும் பஸ் பிடித்துப் பாலம் தாண்டி, ஈரோட்டில் ஒரு கடையில் போய்ப் பதிந்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே போனேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்போது வந்து பாருங்கள். முத்தாயம்மாள் அக்கா குழாய்ப் பக்கத்தில் நிற்கும். ஒரு வீட்டுக்கு ஒரு குடம், பிறகு அடுத்த வீடு, கடைசி வரை போய்விட்டு மறுபடி முதல் வீடு. கவுன்சிலர் வீடாக இருந்தாலும் அப்படித்தான். சின்னச் சொம்போடு வருகிறவள் நிமிஷத்தில் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். பெரிய விசேஷம் வைத்திருக்கிறவர்கள் எத்தனை சுற்று வேண்டுமானாலும் நின்று பிடித்துக்கொள்ளலாம். சிபாரிசுக்கு அங்கே வேலையே இல்லை.

முதலில் என்னை முன்வரிசையில் இருந்து எடுத்துவிடுங்கள். எல்லோரோடும் நிற்கிறேன்.

கோகிலவாணி


ஆற்றங்கரை வீதி
3.10.2025

கோகிலவாணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே முன்வரிசையைக் கலைத்துவிட்டேன். அறிவுச்செல்வி வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். "பரவால்லைங்க அண்ணா" என்று சொல்லி டீ வேறு கொடுத்தது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி முறை வைத்து விடும் வசதி என் இயந்திரத்திலேயே இருக்கிறது. போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடி நெரிசல். தேடிப்பார்த்தால் சந்திரசேகர். அவன் வீடியோ ஏற்றும் மென்பொருள் ஒரே படத்தைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஆள் மாதிரி அனுப்புகிறது. நான் முறை வைத்தது குடத்துக்கு. அவன் ஒரே வீட்டில் இருந்து வரிசை நெடுக இருபது குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை, அவனுக்கே தெரியாது.

அன்றைக்குத்தான் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு குடம் என்று நீங்கள் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான்தான் குடத்தைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். இப்போது வீட்டுக்கு முறை. துண்டுகளை எண்ணாமல் கனத்தைப் பார்த்து அளக்கும்படியும் மாற்றிவிட்டேன், இல்லையென்றால் பெரிய துண்டாக அனுப்புகிறவன் தப்பித்துக்கொள்வான். ஒரு வீட்டில் அந்த நேரம் யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அந்த முறை வீணாகாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். உங்கள் சின்னத் துண்டு எந்த மூட்டைக்குப் பின்னாலும் நிற்க வேண்டியதில்லை, சுற்று வந்ததும் ஏறிக்கொள்ளும்.

ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். அன்று தறியெல்லாம் நின்று ஊரே வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தது. ஒரு புகார் வரவில்லை. மாமன் மட்டும் வந்து, "என்னைய எதுக்குடா எடுத்த?" என்றார். நான் எடுக்கவில்லை மாமா, எல்லோருக்கும் ஒரே முறை, இயந்திரம் பார்த்துக்கொள்கிறது என்றேன். பட்டிக் கேமராவைப் போனில் திறந்து பார்த்தார். ஆடு தெளிவாகத் தெரிந்தது. பொரி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த ஜன்னல் இல்லாத அறைக்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். இதை உரிமையாளராக மட்டும் சொல்லவில்லை.

நந்தகுமார்


மேட்டுத் தெரு
16.10.2025

நந்தகுமாருக்கு,

இன்றைக்கு மரியாதையைக் கோபத்தில் விடவில்லை, சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

அகல்யாவை நினைவிருக்கிறதா, ஊசிக்குக் கை நீட்டினவள்? நேற்று சாயங்காலம் அவளுக்கு வலி வந்துவிட்டது. மருத்துவமனையில் இருந்து அழைத்தார்கள். ஒரு நர்ஸ் போனை அவள் தலைமாட்டில் நிறுத்தி வைத்துக்கொண்டாள். தீபாவளி நெருக்கம், ஊர் முழுக்கப் போனில் துணி பார்க்கிறது, டிவியில் மேட்ச் வேறு. டாக்டர் சொல்லச் சொல்லக் காட்டினேன். மூச்சை இழு, விடு, இப்போது முக்கு, இப்போது வேண்டாம். இந்த வேண்டாமில்தான் எனக்கு உயிரே இருந்தது. ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்தது.

குழந்தை பிறந்து அழுதது. அறையில் எல்லோருக்கும் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. குழந்தையைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் பார்த்தாள். அழுகிறது, பலமாக அழுகிறது, பெண் குழந்தை என்று கையால் சொன்னேன். நான் காட்டி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள் நந்தகுமார். ஒரு நொடிகூடப் பிந்தவில்லை. நான் இங்கே மாடியில் தனியாக உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அண்ணன் பயந்து ஓடி வந்தான்.

இன்று காலை மேலதிகாரி பேசினார். அங்கிருந்தே வேலை செய்யுங்கள், ஹாஸ்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றார். அப்பா இந்நேரம் டீக்கடையில் இருப்பார்.

ஒரு சந்தேகம். ஊருக்கெல்லாம் ஒரே முறை சரி. உரிமையாளர் வீட்டுக்கு எத்தனை முறை?

கோகிலா


ஆற்றங்கரை வீதி
26.10.2025

கோகிலாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா அழுதார், நானும்தான். சடையண்ணன் வாசலிலேயே நின்று, "எங்கிட்டக் குடுத்தப்பவே ஒறை கனமாத்தான் இருந்துச்சுங்க" என்றார்.

உங்கள் சந்தேகத்துக்குப் பதில்: எங்கள் வீட்டுக்கும் ஒரே முறைதான். அம்மாவுக்கு சீரியல் நடுவில் நின்றால், "ஏண்டா, சொந்த ஊட்டுக்கே இப்பிடியா? ஒரு முறை சேத்திப் போடு" என்கிறார். முடியாதும்மா என்றேன். நான் ஒருவருக்கு இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "யாருடா இதச் சொல்லிக் குடுத்தது?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். அதில் இருந்துதான் பேச்சு ஆரம்பித்தது.

சுற்றி வளைக்கத் தெரியாது, எழுதிவிடுகிறேன். உங்கள் அண்ணனிடம் ஒரு மாதமாகச் சைகை படித்துக்கொண்டிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு முன்னாலேயே பட்டறைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை, படித்த சைகையை எல்லாம் சேர்த்து அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் தங்கையை எனக்குக் கொடுப்பீர்களா என்றுதான் கேட்டதாக நினைக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தோளில் கை போட்டு, அதை உங்களிடம் கேட்கச் சொன்னார். அதனால் கேட்கிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் ஆற்றைப் பார்த்த ஒரு அறை இருக்கிறது. பெரிய ஜன்னல், வெளிச்சம் முகத்துக்கு நேராக விழும். கை தெளிவாகத் தெரியப் பின்சுவர் கருநீலமாக இருக்க வேண்டும் என்று சென்னிமலை சொன்னார். வண்ணம் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வரும் வரை டப்பாவைத் திறக்க மாட்டேன். நீங்கள் இல்லை என்று சொன்னால் அதற்காக உங்கள் முறையில் ஒரு துளி குறையாது, அதை என் கையால் தொடவும் முடியாது. ஊரில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் இரண்டு முறை போய்க்கொண்டிருப்பதைப் பட்டியலில் பார்த்தேன். இயந்திரம் இணைப்பைத்தான் வீடாக எண்ணுகிறது: மாடிக்கு ஒன்று, கீழே டிவிக்கு ஒன்று. எந்த வீடு என்று எழுத மாட்டேன். அதை மட்டும் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன்.

நந்தகுமார்


மேட்டுத் தெரு,
பள்ளிபாளையம்.
2.11.2025

ஆற்றோரம் இணைய சேவை உரிமையாளர் அவர்களுக்கு,

பொருள்: இணைப்பைத் துண்டிக்க விண்ணப்பம்.

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு இணைப்பு இருப்பதும், அதனால் அறிவுச்செல்வி வீட்டை விட எங்களுக்கு ஒரு முறை கூடுதலாகக் கிடைப்பதும் உண்மைதான். உரிமையாளரே கண்டும் காணாமல் விடுவது நியாயமில்லை. ஆகவே என் பெயரில் உள்ள மாடி இணைப்பை வரும் தை மாதம் முதல் துண்டித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே அப்பாவுக்கும் அண்ணனுக்கும் உள்ள இணைப்பு அப்படியே இருக்கட்டும். தேதியை அப்பா ஜோசியரிடம் கேட்டுவிட்டார். வீடியோவில்தான் பார்த்தாராம், படம் தெளிவாக இருந்ததாம்.

தை முதல் நான் ஆற்றங்கரை வீதியில் உங்கள் வீட்டுக்கு உள்ள அந்த ஒரு முறையிலேயே நின்றுகொள்கிறேன். இன்னொரு முறை சேர்க்க வேண்டாம். சீரியல் நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தால் யார் முதலில் என்பதை அத்தையும் நானும் பேசிக்கொள்கிறோம். நீங்கள் நடுவில் வராமல் கம்பத்தின் மேல் இருக்கவும்.

வண்ண டப்பாவைத் திறக்கலாம்.

இப்படிக்கு,
தை வரை தங்கள் வாடிக்கையாளர்,
கோகிலா